மூலையில் ஒரு தலை குறைவு

அயோவா
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் கரினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் உன் பெண் சிக்னியும் நலம் என்று போனில் சொல்கிறாய், போனில் நீ எப்போதும் அதைத்தான் சொல்வாய் என்பதால் உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். போன வருஷம் நீ வேலை மாறின நடுவில் காப்பீடு இல்லாமல் இருந்தாயே, அப்போதும் நலம் நலம் என்று சொல்லிக்கொண்டேதான் குழந்தையின் இன்சுலினைக் குறைத்துக் குறைத்துப் போட்டாய். ஈஸ்டருக்குப் பிறகு சிக்னி வாய் தவறி என்னிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். இங்கே குளிர் மூக்கைக் கடித்துத் துப்புகிறது. கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி இரண்டு முறை உறைந்துவிட்டது, கன்று போடும் பசு மூன்று நிற்கின்றன, உன் அப்பா கோடரியும் கையுமாகத் திரிகிறார். உன் மாடி அறைக்குப் போகும் சூட்டுக் காற்றை எப்போதும்போல அக்டோபரிலேயே அடைத்துவிட்டோம், ஆள் இல்லாத அறைக்கு எதற்குச் சூடு என்பது உன் அப்பாவின் கட்சி. கதவுக்கடியில் பழைய கம்பளத்தைச் சுருட்டி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் நடந்தாலே கால் சில்லிடுகிறது.

நேற்று நம் ஊர் காக்கஸ் நடந்தது, ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சியின் ஆளைப் பொறுக்குகிற கூட்டம். என்ன ஆயிற்று என்று நீ போனில் நாலு தடவை கேட்டாய், நான் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோபம் இல்லை, சொன்னால் குரல் நடுங்கியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று நீ சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. கோரா டெலனி அம்மாள் ஜனாதிபதியானால் வேலை இருந்தாலும் போனாலும் எல்லோருக்கும் வைத்தியமும் மருந்தும் உண்டு என்று சட்டம் கொண்டுவருவேன் என்கிறாரே, அதைப் பற்றிப் பேசும்போது சொன்னாய், "அவங்க ஜெயிச்சு அந்தச் சட்டமும் வந்துட்டா நான் அடுத்த நாளே மூட்டை கட்டிடுவேம்மா, இந்த வேலைய யாரு புடிச்சுத் தொங்குவா" என்று. நீ விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம், நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. இங்கே முதியோர் இல்லத்தில் உன்னை இன்றைக்கே எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அங்கே காப்பீடு கிடையாது, காப்பீடு இல்லாவிட்டால் சிக்னிக்கு மருந்து கிடையாது, அதனால் நீ அரிசோனாப் பாலைவனத்தில் உட்கார்ந்திருக்கிறாய், நான் பனியில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு அரசியல் தெரியாது. இந்த ஒரு கணக்கு தெரியும்.

ஆனால் ரேடியோவைத் திறந்தால் ஒரே பாட்டுதான். முற்போக்கு பேசுகிறவர்களுக்குக் கூட்டம் சேரும், கைதட்டல் கிடைக்கும், வெள்ளை மாளிகை கிடைக்காது, இந்த நாடு அப்படிப்பட்டவர்களை அங்கே உட்காரவைக்காது என்று டை கட்டினவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சர்ச்சில் காபி ஊற்றும்போதும் அதே பேச்சு, தீவனக் கடையிலும் அதே. அந்த அம்மாள் சொல்வது தப்பு என்று ஒருத்தரும் சொல்வதில்லை. "நல்ல பொம்பளதான், ஆனா ஜெயிக்க மாட்டாங்க" என்கிறார்கள். யார் சொன்னார்கள், எந்த நாள் சொன்னார்கள், வாயில் என்ன மென்றுகொண்டு சொன்னார்கள் என்பதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கூட்டம் உன் பழைய பள்ளிக்கூடத்துக் கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில்தான். நீ சின்னவளாக மேசைக்கடியில் ஊர்ந்துகொண்டிருந்தாயே, அதிலிருந்து ஒன்றும் மாறவில்லை, மறைவாகச் சீட்டுப் போடுவதெல்லாம் இன்னும் வரவில்லை. ஆளாளுக்குப் பிடித்தவர் பெயர் ஒட்டியிருக்கும் மூலையில் ஊர் பார்க்கப் போய் நிற்க வேண்டும், தலை எண்ணுவார்கள், நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை செல்லாத மூலை. முதல் எண்ணிக்கை முடிந்ததும் அரை மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குள் ஆட்கள் மூலை மாறலாம், ஆள் பிடிக்கலாம், பிறகு கடைசி எண்ணிக்கை. ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ரோஜர்தான் தலைவர், பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில் எங்களையும் அதட்டினார். முன்னாள் கவர்னர் ஹாலிஸ் மூலையில் கூட்டம் நெரிந்தது, அங்கேதான் பூசணி கேக்கும் இருந்தது. கடற்கரை ஊர் மேயர் ஒருவர் நிற்கிறாரே, அவர் மூலையில் ஒரு கைப்பிடி ஆட்கள். டெலனி அம்மாள் மூலைக்கு மாட்டு டாக்டர் ஜானிஸ்தான் பொறுப்பு. அவள் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கோம், ஒரு தலை கூட குறையக் கூடாது, யாரும் மூச்சாக்கூட போகாதீங்க" என்றாள்.

ரோஜர் எண்ண ஆரம்பித்தார், எங்கள் மூலைக்கு வந்தார், ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தோம். என் முறை வந்தது, சொன்னேன், எனக்குப் பக்கத்தில் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா இல்லை. எங்கே போயிருப்பார் என்று உனக்குத் தெரியாதா. வண்டி உறைந்துவிடும் என்று ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு வரப் போயிருக்கிறார்! கல்யாணத்தில், ஞானஸ்நானத்தில், அவருடைய சொந்த அம்மா அடக்கத்தில்கூடப் பாதிரியார் ஜெபிக்கும்போது எழுந்து போன மனிதர். எண்ணிக்கை முடிந்து ரோஜர் எழுதிவிட்டார், ஒரு தலை குறைவு, செல்லாது என்றார். அதற்கப்புறம் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் தடவிக்கொண்டே உள்ளே வந்து, "என்ன, ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார். ஜானிஸ் பசுவுக்குப் போடுகிற ஊசியை அவருக்குப் போடுகிற மாதிரி பார்த்தாள். நான் வண்டிச் சாவியை அவர் கோட்டுப் பையிலிருந்து எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சரி, கடைசி எண்ணிக்கையில் இவர் இருப்பார், கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் செல்லாது என்ற சொல் காதில் விழுந்ததுமே உன் சித்தப்பா மெர்ல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அந்தம்மா நல்லவங்கதான், நான் இல்லைங்கல. ஆனா நம்ம ஊர்லயே தேறலன்னா நாட்டுல எங்க தேறப்போறாங்க? ஜெயிக்கிற குதிர மேல ஏறுவோம்" என்றார். "குதிரையா? நீங்க அங்க கேக்கு திங்கப் போறீங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், மெர்லும் சிரித்தார், ஆனால் போய்விட்டார். அவருக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தபோது ஆறு வாரம் சூப் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான், இனி சூப் வேண்டுமானால் கவர்னர் ஹாலிஸிடம் வாங்கிக் குடிக்கட்டும். அவர் ஒருவர் போனதில் மறுபடி ஒரு தலை குறைந்தது. இன்னும் இரண்டு மூன்று பேர் காலை மாற்றி மாற்றி நிற்க ஆரம்பித்தார்கள். கரின், நான் பேர் ஒட்டின சுவரைப் பார்த்தேன், அதில் எனக்கு உன் அறைக் கதவுதான் தெரிந்தது.

மேயர் மூலை கலைந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு ஆள் போதாது, வேறு மூலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். எல்லோரும் ஹாலிஸ் பக்கம் போய்விட்டார்கள். மடக்கு நாற்காலியில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அது வெர்டா ஹாஸ். ஜானிஸ் போய்ப் பேசிப் பார்த்தாள், ஹாலிஸ் ஆட்களும் கேக்குத் தட்டோடு போய்க் கெஞ்சினார்கள், அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஜானிஸ் திரும்பி வந்து என் தோளைத் தொட்டு மெதுவாக, "ஆர்லிஸ், நீங்க வந்து கேட்டா வரலாமான்னு பாப்பாங்களாம், வேற யார் கேட்டாலும் மாட்டேன்னு சொல்றாங்க" என்றாள். அதைக் கேட்டு உன் அப்பா, "வேணாம், வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். அவருக்குத் தெரியும்.

உனக்கும் தெரியும், ஆனால் நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய், அதனால் நான் சொன்னதாகத்தான் தெரியும். எண்பத்தைந்தில் பாங்க் நம் நிலத்தை ஏலம் விட்டபோது அக்கம்பக்கத்துக் குடும்பமெல்லாம் நம் முற்றத்தில் வந்து நின்றது, ஒருத்தரும் கை தூக்குவதில்லை என்று அதற்கு முந்தின ஞாயிறு சர்ச் அடித்தளத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். யாரும் கேட்காத நிலத்தை வைத்துக்கொண்டு பாங்க் என்ன செய்யும், நம்மோடு பேசித்தான் தீர வேண்டும் என்பது திட்டம். கிழக்கு வயலை ஏலக்காரன் கூவினான், எல்லோரும் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்போது வெர்டாவின் புருஷன் லைல் கையைத் தூக்கினான். அவன் தூக்கினதும் பின்னாலேயே இன்னொருவன் தூக்கினான், பிறகு இன்னொருவன். கிழக்கு வயல் போயிற்று, அதன் பின்னால் ஓடை வயலும் போயிற்று. லைல் செத்துப்போய்விட்டான், அவனை மண் மன்னித்திருக்கலாம், நான் இல்லை. அன்றிலிருந்து வெர்டாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. என் அம்மா அடக்கத்துக்கு அவள் மீன் போட்டுச் சுட்ட நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தாள், அதை நாய்க்குப் போட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவாமலே அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த மைதானம் எத்தனை அகலம் என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. பந்து விளையாடுகிற கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்தேன், பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது, ஹாலிஸ் மூலையில் கேக் மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அவள் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. "உக்காந்துகிட்டே இருக்கப் போறியா?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், கிழவியாகிவிட்டாள், முழங்காலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறாள். "கேக்க வந்தியா, திட்ட வந்தியா?" என்றாள். "ரெண்டுக்கும்" என்றேன். அதற்கு அவள், "லைல் கைய தூக்குனப்ப நான் அவன் கோட்டப் புடிச்சு இழுத்தேன் ஆர்லிஸ். அத நீ பாக்கல. இத்தன வருஷமா அத உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். "பாத்தேன். கோட்டத்தான் இழுத்த, கைய இழுக்கல" என்றேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. பொய் சொல்லி இனிக்கப் பேச எனக்கு வரவில்லை மகளே, காரியம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அவள் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கரினோட பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். உன் பெயர் அவள் வாயில் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்சுலினைக் குறைத்துப் போட்டதைச் சொன்னேன், நீ அசைய முடியாமல் அங்கே கிடப்பதையும் சொன்னேன், என்னை மன்னித்துக்கொள், வேறு வழியில்லை. "உனக்கு மட்டும்தான் புள்ள தூரத்துல இருக்குன்னு நெனப்பா? என் மவனும் கலிபோர்னியாவுலதான் கிடக்கான்" என்றாள். பிறகு கைத்தடியால் ஹாலிஸ் கூட்டத்தைக் காட்டி, "எவனப் பாரு, எங்காளு ஜெயிச்சுடுவாரு ஜெயிச்சுடுவாருன்னுதான் கூப்புடுறான். நீ சொல்லு, உங்க டெலனி ஜெயிக்குமா?" என்றாள். எனக்கு ஆமாம் என்று சொல்ல ஆசை. "எனக்குத் தெரியாது. ஒருத்தன் தூக்கலன்னா எல்லாரும் கைய பாக்கெட்டுல வச்சுக்குவாங்க, ஒருத்தன் தூக்கினா பின்னாடியே தூக்குவாங்க. அத எங்க முற்றத்துல பாத்தேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

ரோஜர் இன்னும் ஐந்து நிமிஷம் என்று கத்தினார். நான் திரும்பிப் பார்க்கிறேன், உன் அப்பா கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறார், சாவி என் கைப்பையில் இருக்கிறது, ஆனாலும் வண்டி உறைந்துவிட்டதா பார்க்கிறாராம். "பர்னெல்! அந்தக் கதவத் தொட்டீங்கன்னா இன்னைக்கு வண்டியிலயே படுத்துக்குங்க!" என்று மைதானத்தின் நடுவிலிருந்து கத்தினேன், எல்லா மூலையும் சேர்ந்து சிரித்தது, ஜானிஸ் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். வெர்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "இந்த முட்டி தானா எந்திரிக்காது, கை குடு" என்றாள். முழங்கையைக் கொடுத்தேன். கையைக் கொடுக்கவில்லை. அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், இரண்டு பேரும் ஆமை மாதிரி அந்தக் கோடுகளை மறுபடி தாண்டி வந்தோம், அவள் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள், நான் ரோஜரின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடைசி எண்ணிக்கையில் எல்லோரும் வரிசையாகச் சொன்னார்கள். உன் அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி சத்தமாகச் சொன்னார். நான் சொன்னேன். கடைசியாக வெர்டா நின்றாள். அவள் உடனே சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பார்த்தேன், கைத்தடியை இடது கைக்கு மாற்றிவிட்டு மெதுவாக வலது கையைத் தூக்கினாள். லைல் தூக்கின மாதிரியேதான் இருந்தது, விரல்கூட அதே மாதிரி பாதி மடங்கியிருந்தது. எனக்கு உள்ளே என்னவோ எரிந்தது, அதே நேரம் ரோஜர், "டெலனி மூலை செல்லும்" என்றார், ஜானிஸ் என்னைக் கட்டிப்பிடித்தாள், எனக்கு எதற்கு அழுகிறேன் என்று தெரியவில்லை.

இன்று காலை ரேடியோவில் மாநிலம் முழுவதும் ஹாலிஸும் டெலனி அம்மாளும் சரிக்குச் சரியாக ஓடுகிறார்கள், இன்னும் பல ஊர்க் கணக்கு வரவில்லை என்று சொல்கிறார்கள். டை கட்டினவர்கள் நேற்றுவரை சிரித்தவர்கள், இன்று சிரிக்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு காரணம் தேடுகிறார்கள். அடுத்த வாரம் அடுத்த மாநிலம், அதற்கப்புறம் எத்தனையோ, நவம்பரில் தேர்தல் முடியும்வரை இந்தக் கவலை போகாது. ஜெயித்தால்கூடச் சட்டம் வர எத்தனை நாளோ. அதனால் இதைக் கவனமாகக் கேள், இதை நம்பி வேலையை விட்டுவிடாதே, மேலாளரிடம் வாயும் கொடுக்காதே. குழந்தைக்கு ஒரு துளி மருந்தும் குறைக்காதே, முடியாமல் போனால் என்னிடம் சொல், பெருமை பார்க்காதே, அந்தப் பெருமை உன் அப்பா வழியில் வந்தது. அடுத்த கட்டமான மாவட்டக் கூட்டத்துக்கு எங்கள் மூலையின் பிரதிநிதியாக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், நான் போக முடியாவிட்டால் எனக்குப் பதிலாக வெர்டா. மார்ச்சில் அவள் காரில்தான் போக வேண்டும் என்று ஜானிஸ் ஏற்பாடு செய்துவிட்டாள், உன் அப்பாவின் வண்டியை இனி நான் நம்பமாட்டேன். வெளியே வரும்போது வெர்டா, "ஞாயித்துக்கிழம சர்ச்சுல உன் பெஞ்சுல உக்காரட்டா?" என்று கேட்டாள். "ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்" என்றேன். காரில் போவேன், பேசுவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

சிக்னிக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி முடித்துவிட்டேன். பாலைவனத்தில் எதற்கு என்று கேட்காதே, அவை அங்கே போடுவதற்கு இல்லை. இன்று காலை காபி குடிப்பதற்கு முன்பே மாடிக்குப் போய் உன் அறையின் சூட்டுக் காற்றைத் திறந்துவிட்டேன், கதவுக்கடியில் இருந்த கம்பளத்தையும் எடுத்துவிட்டேன். உன் அப்பா கீழேயிருந்து, "மேல என்ன பண்ற?" என்று கேட்டார், தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும் என்றேன். அவர் கோடரியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அந்த அறையில் குழாயே கிடையாது.

கடவுள் உன்னையும் குழந்தையையும் கண் இமைபோலக் காக்கட்டும், உங்கள் இருவர் தலைமேலும் என் கை இருக்கிறது. பதில் கடிதத்தைக் கையால் எழுது, சிக்னியையும் இரண்டு வரி எழுதச் சொல்.

உன் அம்மா,
ஆர்லிஸ்